ஆற்றைப் படிப்பதையே தொழிலாக்குவது எப்படி? மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆத்துல பூச்சி புடிக்கவா கம்பஸ் போன?" என்று என் மாமா ஒருமுறை கேட்டார். முழங்கால் வரை கம்பூட்ஸ், கையில் வலை, தோளில் பழைய பாடசாலைப் பை என்று பஸ் ஹோல்ட்டில் நின்றிருந்தேன். ஆமாம் மாமா, அதற்குத்தான். பூச்சியைப் பிடித்து, எண்ணி, அது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் இரண்டு வளைவு தள்ளி இல்லை என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததை லயத்துப் பிள்ளைகளுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் புரியும்படி சொல்வதும்தான் என் வேலை. ஆற்றுச் சூழலியல் ஆய்வு, சுற்றாடல் கல்வி என்று இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலைதான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

உயர்தரம் எழுதப் போகிறவர்கள், கம்பஸில் இருப்பவர்கள், ஆசிரியராக இருந்துகொண்டே இதில் இறங்க நினைப்பவர்கள் என்று மூன்று வகையினரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுக்குத் தேவையில்லாத பகுதியைத் தாண்டிப் போங்கள். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதல் வேலை: உங்கள் ஓடை எங்கே போய்ச் சேருகிறது?

பாடநெறி, புலமைப்பரிசில் எல்லாம் அப்புறம். லயத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எந்த ஆற்றில் சேருகிறது என்று தெரியுமா? எங்கள் பக்கம் பெரியவர்களைக் கேட்டாலும் "ஓயாவுல போய் விழும்" என்பதோடு கதை முடிந்துவிடும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் என்றால் உங்கள் தண்ணீர் மஸ்கெலியா ஓயாவிலோ கெசல்கமுவ ஓயாவிலோ விழுந்து, அவை இரண்டும் கித்துல்கல பக்கம் சேர்ந்து களனி கங்கையாகி, 145 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றின் கடைசியில் கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீராகிறது. அக்கரப்பத்தனை, தலவாக்கலை, நானுஓயா என்றால் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போய், 335 கிலோமீற்றர் பயணத்தின் முடிவில் திருகோணமலைப் பக்கம் கடலில் சேருகிறது. ஹோட்டன் சமவெளி போன்ற ஒரே மேட்டுநிலத்தில் விழும் மழையே வளவைக்கும் மகாவலிக்கும் களனிக்கும் பிரிந்து போகிறது. இலங்கையின் 103 ஆற்றுப் படுகைகளில் பெரியவற்றுக்கு மலையகம்தான் தலைமாடு.

கூகுள் வரைபடத்தில் உங்கள் தோட்டத்திலிருந்து கீழ்நோக்கி விரலால் இழுத்துக்கொண்டே போங்கள். வழியில் எத்தனை அணை, எத்தனை நகரம், எத்தனை மரக்கறித் தோட்டம் வருகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். நாளைக்கு நேர்முகப் பரீட்சையில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்கும்போது, "இயற்கை மீது ஆர்வம்" என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லாமல் இந்தத் தாளைப் பற்றிக் கதைக்கலாம்.

இரண்டாவது: ஒரே இடத்துக்கு ஒரு வருடம் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு விடயத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம், உபகரணம், அனுமதி எதுவும் இல்லாமலே தொடங்கலாம். இறங்கி ஏற வசதியான, ஆபத்தில்லாத ஒரு இடத்தைத் தெரிவு செய்து, மாதம் ஒருமுறை அதே இடத்துக்குப் போய், பார்ப்பதை எழுதிவையுங்கள்.

எதை எழுதுவது? தண்ணீரின் நிறம், மணம், நுரை. கல்லில் வழுக்கும் பாசி இருக்கிறதா? கரையில் மரம் நிற்கிறதா, தேயிலை தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டதா? கடைசியாக எப்போது மழை பெய்தது? அப்புறம் அளவு. பத்து மீற்றர் தூரத்தைக் கயிற்றால் அளந்துகொண்டு ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு, எத்தனை செக்கனில் கடக்கிறது என்று பாருங்கள். 25 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். மேற்பரப்பில் தண்ணீர் அடியை விட வேகமாக ஓடும், அதனால் 0.85 ஆல் பெருக்குங்கள், 0.34 வரும். ஓடை 3 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 20 சென்ரிமீற்றர் என்றால் குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீற்றர். இரண்டையும் பெருக்கினால் செக்கனுக்கு ஏறக்குறைய 200 லீற்றர் தண்ணீர் போகிறது. தோடம்பழத்தைக் கீழே ஒருவர் நின்று பிடித்துக்கொண்டால் அடுத்த முறைக்கும் ஆகும், அல்லது சாப்பிடலாம்.

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் தெளிந்து குறைந்து நிற்கும், பூச்சி பிடிக்க அதுதான் காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இது தலைகீழ். அங்கே மழை ஆண்டின் கடைசியில் வந்து ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை காய்ந்து கிடக்கும். இது தெரியாமல் கொழும்பில் போட்ட ஒரே அட்டவணையோடு இரண்டு பக்கமும் மாதிரி எடுத்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை தோட்டமே துணி துவைக்கிறது. அன்றைக்கு எடுக்கும் தண்ணீரும் புதன்கிழமை எடுக்கும் தண்ணீரும் ஒன்றாக இருக்காது. மருந்தடித்த டேங்கியை எந்த இடத்தில் கழுவுகிறார்கள், எந்த லயத்துக் கக்கூஸ் குழி மழைக்கு நிரம்பி வழிகிறது, எந்தப் பீலியில் குளிக்கிறார்கள், எதில் குடிக்க எடுக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு ஆறு மாதம் அலைந்தாலும் கிடைக்காது. உங்களுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். அதை அறிவாக நினைக்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது: கல்லைப் புரட்டுங்கள்

இரசாயனப் பரிசோதனை அந்த நிமிடத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். நேற்று இரவு யாராவது எதையாவது ஊற்றிவிட்டிருந்தால் இன்று காலையில் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிப் புழுக்கள் அப்படி ஏமாற்றாது. அவைதான் ஆற்றின் நாட்குறிப்பு.

ஒரு வெள்ளை பேசின், சமையலறை வடி, பழைய ஐஸ்கிறீம் பெட்டி போதும். கல்லைத் தூக்கி அடிப்பக்கத்தை பேசினுக்குள் கழுவிவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். தட்டையான உடம்பும் வாலில் இரண்டு மூன்று நூலுமாக ஓடுவது மேஃப்ளையின் குஞ்சு. மணல், குச்சி, இலைத் துண்டுகளை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பது காடிஸ்ஃப்ளை. எங்கள் பிள்ளைகள் அதற்கு "குச்சிவீட்டுப் பூச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே இருக்கட்டும். இரத்தச் சிவப்பில் நெளியும் சிறு புழு ஒருவகைக் கொசுவைப் போன்ற கடிக்காத பூச்சியின் குடம்பி. அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். பேசின் முழுக்க இந்தச் சிவப்பும் மண்புழு போன்றவையும்தான் என்றால், மேலே ஏதோ சரியில்லை.

கம்பஸில் இதற்குப் புள்ளி போடும் முறைகளைப் படிப்பீர்கள். பிரித்தானியாவில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறையில் மாசைத் தாங்காத ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் பெரும்பாலான குடும்பங்களுக்கு 10 புள்ளி, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2, மண்புழு வகைக்கு 1. அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டோன்ஃப்ளை இலங்கையில் இயல்பாகவே மிகச் சில வகைதான். "ஸ்டோன்ஃப்ளை இல்லை, ஆகவே ஆறு கெட்டுவிட்டது" என்று இங்கே எழுதினால் அது தவறு. வெளிநாட்டுச் சுட்டெண்ணை அப்படியே தூக்கிவந்து போடாதீர்கள். உங்கள் ஓடையின் மேற்பகுதியில், காட்டுக்குள், மனித நடமாட்டமில்லாத ஒரு இடத்தைப் பார்த்து அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கீழே உள்ளதை அதோடு ஒப்பிடுங்கள்.

ஒட்சிசனிலும் இதே மாதிரி ஒரு வழுக்கல் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். 15 பாகை வெப்பநிலையில் கடல் மட்டத்தில் தண்ணீர் லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஒட்சிசன் பிடித்துவைக்கும், நுவரெலியாவில் 8 தான் பிடிக்கும். ஆகவே அங்கே 8 காட்டினால் தண்ணீர் நிறைவாகத்தான் இருக்கிறது. கருவியில் உயரத்தைச் சரிசெய்ய மறந்துவிட்டு "மாசு" என்று எழுதியவர்கள் உண்டு.

என்னுடைய முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டு ஆய்வில் ஆறு மாதம் எடுத்த மாதிரிகளை 70 சதவீத அற்ககோலில் போட்டு, போத்தல்களுக்குள் பேனையால் எழுதிய துண்டுகளை வைத்தேன். அற்ககோல் மையைக் கரைத்துவிட்டது. எது எந்த மாதம், எது எந்த இடம் என்று ஒன்றும் தெரியாமல் வெள்ளைத் துண்டுகளோடு நாற்பது போத்தல். பென்சில். எப்போதும் பென்சில்தான்.

நான்காவது: படிப்பு

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. உயிரியலும் இரசாயனவியலும் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது கஷ்டம். மூன்றாவது பாடம் பௌதிகவியலா விவசாய விஞ்ஞானமா என்பது நீங்கள் எந்தப் பாடநெறிக்குக் கண் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் தமிழிலேயே வாசிக்கலாம். ரியூஷன் மாஸ்டர் சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள். தோட்டப்புறத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் குறைவு என்பது உண்மை, பலர் ஹட்டனுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போய்த் தங்கித்தான் படிக்கிறார்கள். அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கில் நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. சலுகை வாங்குகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

கம்பஸ் என்றால் பேராதனை முதல் நினைவுக்கு வரும். விலங்கியல் துறை, பட்டமேற்படிப்பு விஞ்ஞான நிறுவனம், பக்கத்தில் ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம், எல்லாம் ஒரே சுற்றில். பொதுப் பட்டம் 3 ஆண்டு, சிறப்புப் பட்டம் 4 ஆண்டு. ஆய்வுக்குப் போகிறவர்கள் எப்படியாவது சிறப்புப் பட்டத்தைப் பிடியுங்கள். களனியில் விலங்கியலும் சுற்றாடல் முகாமைத்துவமும் ஒரே துறை. பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் நீரியல் வளத் தொழில்நுட்பம் என்று தனிப் பட்டமே உண்டு. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ, வடக்கில் யாழ்ப்பாணம். விஞ்ஞான பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதல் மூன்று மாதம் ஒன்றும் விளங்காது, எல்லோருக்கும் அப்படித்தான், நாலாம் மாதம் சரியாகும். காசுக்கு மஹாபொல இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் என்றால் இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக வரும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பியுங்கள், அது உயர்தர மாணவருக்கும் உண்டு.

கம்பஸ் கிடைக்காவிட்டால்? திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. இன்னொரு வழி, கல்விப் பக்கம்: பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. அங்கே பயிற்சி முடித்து விஞ்ஞான ஆசிரியராகவோ ஆரம்பப் பிரிவு ஆசிரியராகவோ போகிறவரின் கையில்தான் உண்மையில் இந்தத் துறையின் பாதி இருக்கிறது. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்று பாடமே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் வைத்து முடிப்பதா, பாடசாலைக்குக் கீழே உள்ள ஓடையில் வைத்து முடிப்பதா என்பது ஆசிரியரின் முடிவு.

படிக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியவை: ஆர் என்ற இலவசப் புள்ளிவிபர மென்பொருள், கியூ.ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருள், அப்புறம் சிங்களம். சிங்களம் தெரியாமல் இங்கே களவேலை செய்ய முடியாது. வனக் காவலர், அணைக் காவலாளி, ஆற்றில் மணல் அள்ளுகிறவர் எல்லோரோடும் கதைக்க வேண்டும். மீனுக்குக்கூட இரண்டு பெயர் தெரிய வேண்டும். கல்லில் உறிஞ்சிக்கொண்டு நிற்கும் சிறு மீனை நாங்கள் கல்லொட்டி என்போம், சிங்களத்தில் அதற்கு கல் பாண்டியா.

ஐந்தாவது: எதை ஆராய்வது?

"எல்லாம் ஆராய்ந்துவிட்டார்களே" என்று சில மாணவர்கள் வருவார்கள். சிரிப்பு வரும். இலங்கையில் 50க்கு மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உண்டு, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இந்த நாட்டில் மட்டுமே வாழ்பவை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு சிறு இறால் இருக்கிறது. அதே சமவெளி ஓடைகளில்தான் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனும் வாழ்கிறது. 1970ஆம் ஆண்டு ஒஸ்திரியாவிலிருந்து ஒரு நீர்வாழ் உயிரியல் குழு வந்து நம் மலை ஓடைகளைத் தேடித் தேடி ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. அவர்கள் நின்ற இடங்களுக்கு இன்று மறுபடி போய்ப் பார்ப்பதே ஒரு முதுமாணித் தலைப்பு.

அணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கொத்மலை 2012இல் இயங்கத் தொடங்கியது, 150 மெகாவோட். தலவாக்கலையில் மறிக்கும் தண்ணீர் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் மின்நிலையத்துக்குப் போகிறது. அப்படியென்றால் அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் கிடக்கும் இயற்கையான ஆற்றுக்கு என்ன நடக்கிறது? அந்த நடுப்பகுதியில் இருக்கும் சென் கிளையர் அருவியைப் பார்த்து "பாவம்" என்று படம் எடுத்துப் போடுகிறோம், அதற்குக் கீழே கல்லைப் புரட்டிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? சிறு நீர்மின் திட்டங்களிலும் இதே கேள்விதான், அதுவும் ஓடைக்கு ஓடை. நுவரெலியாவில் மரக்கறித் தோட்டங்களிலிருந்து கழுவி வரும் உரமும் மண்ணும் 1873இல் கட்டிய கிரகரி வாவியில் வந்து படிகிறது. தேயிலைத் தோட்டங்களில் மழைக்குப் பின் ஓடை தேநீர் நிறத்தில் ஓடுவதும் ஒரு கேள்விதான், கோப்பிக்காகக் காடு வெட்டிய காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

என் கட்சி இது: முதல் ஆய்வுக்கு அரிய மீனைத் தேடிப் போகாதீர்கள். ஒரு ஓடை, மேலே காடு, நடுவே தேயிலை, கீழே லயமும் மரக்கறியும். மூன்று இடம், பன்னிரண்டு மாதம். இதை ஒழுங்காகச் செய்தால் நல்ல ஆய்வு.

ஆறாவது: அனுமதியும் ஆபத்தும்

தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், மற்றக் காடு என்றால் பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களம், தோட்டம் என்றால் துரை. கடிதத்தை மூன்று மாதம் முன்பே கொடுங்கள். தோட்டத்தில் "தண்ணீர் மாசை ஆராய வருகிறேன்" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். பல தோட்டங்கள் ரெயின்ஃபொரெஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் வைத்திருக்கின்றன, ஓடைக் கரைகளைப் பாதுகாப்பது அதில் ஒரு நிபந்தனை. "உங்கள் ஓடைக்கரைத் தாவரங்களின் நிலையைப் பதிந்து தருகிறேன்" என்று போங்கள். அது பொய்யும் அல்ல.

ஆபத்தில் முதலாவது அட்டை இல்லை, எலிக்காய்ச்சல். காலில் காயத்தோடு இறங்காதீர்கள், தொடர்ந்து ஆற்றில் வேலை என்றால் முன்தடுப்பு மருந்து பற்றி எம்.ஓ.எச். அலுவலகத்திலோ பி.எச்.ஐ.யிடமோ கேளுங்கள். இரண்டாவது வான்கதவு. நோர்ட்டன், கென்யன், லக்சபான, மேல் கொத்மலை என்று எந்த அணைக்குக் கீழே நின்றாலும், மேலே மழை என்றால் ஏறிவிடுங்கள், சைரன் கேட்ட பிறகு பெட்டியை எடுக்கப் போகாதீர்கள். மூன்றாவது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இருக்கும் நாளில் களவேலை கிடையாது, மேற்பார்வையாளர் கோபித்தாலும் பரவாயில்லை. தனியாகப் போகவே கூடாது.

ஏழாவது: கற்பிப்பது

மார்ச் 22 உலக நீர் தினம் வந்தால் ஒரு சித்திரப் போட்டி, கண்ணீர் விடும் பூமி, பரிசாக ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். இதைச் சுற்றாடல் கல்வி என்று நான் ஏற்கமாட்டேன்.

நானும் ஆரம்பத்தில் நன்றாகச் சொதப்பினேன். ஒரு தோட்டத்தில் கூட்டம் வைத்து, படம் காட்டி, உங்கள் ஓடை இவ்வளவு அசுத்தம், இதில் துணி துவைக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று ஒரு மணித்தியாலம் முழங்கினேன். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "ஏம்புள்ள, இது எங்களுக்குத் தெரியாதா? வேற பீலி போட்டுத் தருவியா?" என்றார். கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவோடு அடுத்த நாள் போய் ஓடையைப் பார்த்தபோதுதான், துவைக்கும் இடத்துக்கு மேலேயே கக்கூஸ் குழியிலிருந்து கசிந்து வருகிறது என்று காட்டினார். என் மாதிரி எடுக்கும் இடம் அதற்குக் கீழே இருந்தது. ஒரு வருடமாக நான் சவர்க்காரத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்த பழி தப்பு. ஆய்வும் கல்வியும் ஒரே வேலை என்று சொன்னது இதனால்தான்: சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான் என் ஆய்வே திருந்தியது.

அதிலிருந்து நான் செய்யும் முறை எளிது. பிள்ளைகளை, ஒரு பெரியவருக்கு ஐந்து பேர் என்ற கணக்கில், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் உள்ள இடத்துக்கு மட்டும் கூட்டிப்போகிறேன். முதல் இருபது நிமிடம் நான் வாயே திறப்பதில்லை, அவர்கள் பிடித்து, பார்த்து, பெயர் வைக்கட்டும். பிறகு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், இரண்டு பேசினையும் பக்கத்தில் வைத்து ஏன் வேறு என்று கேட்பேன். விடை அவர்களிடமே இருக்கும், "டீச்சர், அங்க மாட்டுக் கொட்டில் இருக்கு." பூச்சிகளைத் திரும்ப ஆற்றில் விடுவது அவர்கள் பொறுப்பு. முடிவுகளை வீட்டுக்கு எடுத்துப்போகத் தமிழில் ஒரு பக்கம். பாடசாலை என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தோடு சேர்த்துவிட்டால் அதிபரின் ஆதரவும் சான்றிதழும் வரும். பிள்ளைகள் சேர்த்த தரவைப் பிரதேச சபைக்கோ துரைக்கோ கொண்டுபோகும்போது யார் வீட்டுக் கக்கூஸ் என்று பெயர் சொல்லாதீர்கள், "இந்த இடத்துக்கு ஒரு குழி தேவை" என்று மட்டும் கேளுங்கள்.

எட்டாவது: சம்பளம் யார் தருவார்கள்?

நேராகச் சொன்னால், பட்டம் முடித்த முதல் இரண்டு வருடம் ஒப்பந்த வேலைதான். துறையில் தற்காலிக செய்முறை உதவியாளர், யாராவது பேராசிரியரின் திட்டத்தில் ஆய்வு உதவியாளர். அரச பக்கம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா, நன்னீர் மீன் வளர்ப்பு அதிகாரசபை நக்டா, நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடங்கள், மகாவலி அதிகாரசபை என்று இடங்கள் உண்டு. வெற்றிடங்கள் வர்த்தமானியில் வரும், சில வருடம் வராது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு மீன், பூச்சி அடையாளம் காணத் தெரிந்தவர்கள் நாள் கணக்கில் தேவைப்படுவார்கள். காசு நன்றாக இருக்கும். ஆனால் "ஒன்றும் இல்லை" என்று எழுதச் சொல்லும் அழுத்தமும் வரும், அப்போது என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்துவையுங்கள். பெருந்தோட்டக் கம்பனிகளில் சான்றிதழ் வேலைகளைப் பார்க்கும் அலுவலர் பதவிகளை நம் பிள்ளைகள் ஏனோ கவனிப்பதில்லை.

சொந்தமாகச் சின்னத் திட்டம் செய்ய, பிரித்தானியாவின் ரஃபோர்ட் சிறு நிதி புதியவர்களுக்கே கொடுக்கிறது. வெளியே முதுமாணி என்றால், நெதர்லாந்தின் ஐ.எச்.ஈ. டெல்ஃப்ட், வியன்னாவின் போக்கு (BOKU), கென்யாவின் எகர்ட்டன் என்ற மூன்று உயர்கல்வி நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய நன்னீரியல், ஈரநில முகாமைத்துவ முதுமாணியிலிருந்து தேடத் தொடங்குங்கள். அங்கெல்லாம் விண்ணப்பத்தில் உங்களைத் தூக்கிக் காட்டுவது இசட் புள்ளி இல்லை, பன்னிரண்டு மாதம் ஒரே ஓடையில் எடுத்த அந்தக் கொப்பிதான்.

மேற்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஜனவரி இரண்டாம் கிழமையில் தொடங்குங்கள், புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஓடையைத் தாண்டிப் போன பிறகு. வெள்ளை பேசின், வடி, கயிறு, தோடம்பழம், கூட ஒரு ஆள். கொப்பியின் முதல் பக்கத்தில் இடம், திகதி, கடைசி மழை எப்போது. பென்சிலில்.